பதினேழாம் நம்பர் வால்ட்ஸ்

எங்கள் தேவாலயப் பங்கில் கல்யாண வரவேற்பு என்றால், கேக் வெட்டியதும் மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜோடி ஜோடியாக ஆடுவோம். தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது பல தலைமுறையாக இருக்கிறது. கப்பலும் கொழும்பும் கொண்டுவந்து விட்ட பழக்கம் என்பார்கள். முதலில் மூன்று தாளத்தில் சுற்றிச் சுற்றி ஆடும் வால்ட்ஸ், பிறகு நான்கு தாளத்தில் நடந்து ஆடும் ஃபாக்ஸ்ட்ராட், வயிறு நிறைந்த பிறகு கொழும்புத் துள்ளாட்டமான பைலா. பைலாவுக்கு யார் வேண்டுமானாலும் பாட்டுப் போடலாம். அதற்குக் காது வேண்டாம், தெம்பு இருந்தால் போதும். வால்ட்ஸுக்கும் ஃபாக்ஸ்ட்ராட்டுக்கும் பாட்டுத் தேர்ந்தெடுப்பது நான். இருபத்தெட்டு வருஷமாக நான்தான். வேறு யாராவது தேர்ந்தெடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் என்னையே கூப்பிட்டுவிடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

ஆட்டம் என்று வந்தால் ஐம்பதுகளின் இசைத்தட்டுகளைத் தாண்டி வரமாட்டேன். போனால் போகிறது என்று அறுபதுகளின் தொடக்கம்வரை வருவேன். பழசு என்கிற பாசம் காரணம் இல்லை. அந்தக் காலத்து வாத்தியக் கோஷ்டிகள் ஆடுகிறவர்களுக்காக வாசித்தார்கள். எதிரே ஜோடிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்த கைகள் அவை. தாளம் இம்மி பிசகாது. பின்னால் வந்த பாட்டுகளில் பாடகர் முன்னுக்கு வந்துவிட்டார், ட்ரம்ஸ்காரருக்கும் எல்லோரும் தன்னையே பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நடுவில் ஆடுகிறவன் எந்தப் பக்கம் போவான்?

பாட்டின் முன்னிசை நீளமாக இருந்தால் தள்ளிவிடுவேன். கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் நிமிஷம் சும்மா நிற்கும் ஜோடிகள் ரேஷன் கடை வரிசை மாதிரிதான் இருப்பார்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டும் ஆகாது, ஏனென்றால் எங்கள் ஊரில் நன்றாக ஆடத்தெரிந்தவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி உண்டு. கடைசியில் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறையும் பாட்டு எனக்கு அறவே பிடிக்காது. எப்போது முடிந்தது, எப்போது தலை வணங்குவது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாட்டு டக்கென்று முடியவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வேகம். ஒன்று-இரண்டு-மூன்று சேர்ந்தால் ஒரு கட்டு என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. நல்ல வால்ட்ஸ் நிமிஷத்துக்கு இருபத்தைந்து கட்டு ஓடவேண்டும். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எண்ணுவேன். நான் கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு நங்கூரம் போட்டது, எத்தனை மணிக்குக் கயிறு அவிழ்த்தது என்று நிமிஷம் பிசகாமல் எழுதுவதுதான் என் வேலை. எனக்கு நேரம் சொல்லித்தர ஆள் வேண்டாம். இருபத்தைந்து என்றால் இருபத்தைந்துதான். இருபத்தேழு கட்டு ஓடும் வால்ட்ஸை ஒருத்தர் போட்டதற்காக அவரிடம் ஒரு வருஷம் நான் சரியாகப் பேசவில்லை.

அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்பதை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொடுக்கும் தொழில் செய்தவர். எனக்கு நான்கு வயது இருக்கும்போது அமெரிக்காவிலிருந்து கோதுமை ஏற்றிவந்த ஒரு கப்பலின் சமையல்காரர், புறப்படும் நாளில் ஒரு ரிக்கார்டு பிளேயரையும் நாற்பத்தோரு இசைத்தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எதற்காகக் கொடுத்தார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம்தான். நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து அது தோணியில், கோதுமை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கரைக்கு வந்ததாம்.

அமெரிக்க மின்சாரம் வேறு, நம் மின்சாரம் வேறு என்பது அப்பாவுக்குத் தெரியும். செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி நடுவில் வைத்தார். அது முனகிக்கொண்டே நூற்றுப்பத்து வோல்ட் கொடுத்தது. தட்டு சுற்றியது, பாட்டு வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடே நம்பியது. சரக்குப் பெட்டிகளுக்குச் செய்வது போலவே, ஒவ்வொரு இசைத்தட்டின் நடுவிலும் வெள்ளைத்தாள் ஒட்டி அப்பா நம்பர் போட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். டேப் ரிக்கார்டர் வந்த காலத்தில் ஊரில் பாதிப்பேர் கேசட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். புன்னைக்காயல், வேம்பார்வரை அந்தக் கேசட்டுகள் போயின. அவர்கள் எல்லோரும் நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள்.

கொழும்பு ரேடியோவில் எப்போதாவது அதே பாட்டு வரும். கீச்சுக் குரலில், வேகமாக வரும். அப்பா சிரிப்பார்.

“அடுத்து நியூஸ் வாசிக்கணும்லா, அதான் விரட்டுதான்,” என்பார்.

நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்தோம்.

பதினேழாம் நம்பர் ஒரு வால்ட்ஸ். பியானோ நான்கே கட்டு வாசித்துவிட்டு வழிவிடும், வயலின்கள் வரும், அப்புறம் அந்தக் குரல். கனமான ஆண்குரல், அவசரமே இல்லாமல் பாடும். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு அந்தக் குரல்மேல் ஒரு கண் உண்டு. எங்கள் அத்தை, இப்போது எண்பது தாண்டிவிட்டது, அந்த மனிதருக்குச் சுருட்டை முடியும் மெல்லிய மீசையும் இருக்கும் என்று நேரில் பார்த்தவள் போலச் சொல்வாள்.

அந்தப் பாட்டு என் தங்கச்சியுடையது. அவளுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. இடது செருப்புக்குத் தடித்த அடி வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வாள். வகுப்பில் அவள் புலி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; அவள் நடந்து வரும் சத்தம் வராந்தாவில் கேட்டாலே பிள்ளைகள் நோட்டைத் திறந்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். ஆனால் கல்யாண வீட்டில் அவள் கதவோரம்தான் உட்காருவாள். அவளுக்குப் பதினாறு வயதில், ஒரு சித்தி மகள் கல்யாணத்தில், பதினேழாம் நம்பர் ஓடும்போது நான் அவளை இழுத்து எழுப்பினேன். ஆண் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில் அவள் இடது கால் வந்து சேர்ந்துவிட்டது. பாட்டு முடியும்வரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம், எந்தக் கல்யாணமானாலும் பதினேழுக்கு மட்டும் எழுந்திருப்பாள். என்னோடு மட்டும். என் கணவருக்கு ஆட்டம் வராது, அவருக்குப் பந்திப் பக்கம்தான் நாட்டம், அதனால் எனக்கும் வேறு ஜோடி தேடும் வேலை இருந்ததில்லை.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மணப்பாடு ஊர்க்காரர். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து எட்டு வருஷம். பள்ளிக்கூடத்து ஜெனரேட்டரைப் பார்க்க வந்தவர் கணக்கு டீச்சரையும் பார்த்துவிட்டுப் போனார் என்று அவளோடு வேலைபார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். இவளும் ஜெனரேட்டர் மறுபடி கெட்டுப்போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சரி என்று சொன்ன அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“யக்கா, ரிசப்ஷன்ல பதினேழு போடணும். நான் அவரோட ஆடணும். நடு ஹால்ல ஆடணும்.”

புடவை, நகை, சாப்பாடு எதைப்பற்றியும் அவளுக்கு ஓர் ஆசையும் இல்லை. இது ஒன்றுதான். நான் ஆகட்டும் என்றேன். இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஆட்டம் தெரியும். கப்பல் போகும் துறைமுகங்களில் முறையாக வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவர். நான் பெருமையாகப் பதினேழைப் போட்டேன். அவர் தலையைச் சாய்த்து, இன்ஜின் சத்தம் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

“மதினி, இது வேகம் கம்மியால்லா ஓடுது.”

“எங்க மெஷினா? அது வந்த நாள்ல இருந்து ஒரே வேகத்துலதான் ஓடுது,” என்றேன்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் பிளேயரைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மோட்டாருக்கு அடியில் இருந்த சின்னத் தகட்டைப் படித்தார்.

“செகண்டுக்கு அறுவது சைக்கிள்னு போட்டிருக்கு. நம்ம கரண்டு அம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாது. மோட்டார் மெதுவாத்தான் சுத்தும். பெரிய வேலை இல்ல, நான் சரி பண்ணிக் கொண்டாரேன்.”

எனக்கு அவர் சொன்னது பாதி புரியவில்லை, மீதி பிடிக்கவில்லை. ஆனால் தங்கச்சி முகம் மலர்ந்து, “கொண்டு போங்க,” என்று சொல்லிவிட்டாள். தன் வீட்டுச் சாமானைத் தன் மாப்பிள்ளை பழுது பார்க்கிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் நாள் கொண்டுவந்தார். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் தெரிந்த லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து, மோட்டார் தண்டின்மேல் மாட்டுவதற்கு ஒரு சின்னப் பித்தளை உறையைத் தானே கடைந்திருந்தார். விரல் நுனியளவுதான் இருக்கும். தண்டு கொஞ்சம் தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான் என்றார். அருமையான வேலை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பதினேழைப் போட்டார்.

பியானோ ஓடி முடிந்தது. வயலின்கள் வந்தன. அப்புறம் ஒரு பெண் பாடினாள்.

ரிக்கார்டை மாற்றிப் போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வெள்ளைத்தாளில் அப்பாவின் கையெழுத்தில் பதினேழு என்றுதான் இருந்தது. தாளை நகத்தால் கிழித்துப் பார்த்தேன். அடியில் அச்சிட்டிருந்த பெயர் ஒரு பெண்ணின் பெயர். வேகம் குறைந்ததில் அவள் குரல்தான் எங்களுக்கு இத்தனை வருஷம் ஆண்குரலாகக் கேட்டிருக்கிறது. சுருட்டை முடியும் மீசையும் போயின. மறுபடி போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கட்டு எண்ணினேன். முப்பது.

“முப்பதுதான் சரி மதினி. உலகம் பூரா முப்பதுதான்,” என்றார் மாப்பிள்ளை. பெருமையடிக்கச் சொல்லவில்லை, வால்வு அழுத்தம் சொல்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு தங்கச்சியிடம் கையை நீட்டினார்.

முன்கூடத்தில் ஆடினார்கள். முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவது சுற்றில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது திருப்பத்தில் இடது கால் வந்து சேரவில்லை. அவர் அடுத்த கட்டுக்குப் போய்விட்டார். இவள் அவர் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு வார் தளர்ந்துவிட்டது என்று சிரித்தாள். அவர் முட்டி போட்டு வாரைப் பார்த்தார். வார் இறுக்கமாகத்தான் இருந்தது.

“பழகினா வந்துரும்,” என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்தப் பித்தளையைப் பிடுங்கிக் கடலில் எறியவேண்டும் போல இருந்தது.

அவர் போனபிறகு அவள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அறுவதுக்கு அம்பது. ஆறுல அஞ்சு. முப்பது இருபத்தஞ்சா ஆயிட்டு. கணக்குச் சரியாத்தான் இருக்கு,” என்றாள். “நாப்பது வருஷமா நான் எல்லாரையும் போல ஆடுதேன்னு நினைச்சேன். ஆறுல ஒரு பங்கு எனக்காகக் குறைஞ்சு கிடந்திருக்கு.”

“ஏளா, ஒனக்காக யாரும் குறைக்கல. நீ பொறக்கதுக்கு முன்னாலயே அந்த மெஷின் அப்படித்தான் ஓடுச்சு.”

“எனக்குத் தெரியும். ஆனா எனக்கு ஆட்டம் வந்தது அதனாலதான.”

அடுத்த நாள் ஆட்டம் வேண்டாம் என்றாள். கேக் வெட்டி, சாப்பாடு போட்டு விட்டுவிடுவோம் என்றாள். மாப்பிள்ளையிடம் கால் வலி என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நாற்பத்தோரு தட்டுகளையும் சரியான வேகத்தில் வரிசையாகப் போட்டுக் கட்டு எண்ணினேன். மெதுவான வால்ட்ஸ் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் இருபத்தொன்பது, முப்பது. ஒன்றுகூட இருபத்தெட்டுக்குக் கீழே இல்லை. எந்த இருபத்தேழுக்காக நான் ஒருத்தரோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லையோ, அவர் என்னைவிட உலகத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பது போடாமல் இருபத்தேழு போட்டதும் தப்புதானே.

பழைய வேகத்துப் பதினேழு எங்கேயும் போய்விடவில்லை. கேசட்டிலிருந்து எடுத்து என் போனிலேயே வைத்திருந்தேன். ஒரு மாலையில் அவளிடம் அதைப் போட்டுக் காட்டினேன். இதையே வரவேற்பில் போட்டுவிடுகிறேன், யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றேன். அவள் போனைத் திருப்பி வைத்துவிட்டாள்.

“அவருக்குத் தெரியும்லா. எனக்கும் தெரியும். நொண்டிக்காகப் பாட்டையும் நொண்ட வச்சிட்டாகன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. தெரியாம ஆடுன வரைக்கும் சரி. தெரிஞ்சுக்கிட்டு எப்படி ஆட?”

அவள் தன்னை அந்த வார்த்தையால் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து விடைத்தாள் கட்டை எடுத்துவைத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் எனக்குத் தோன்றியது மிகச் சின்ன விஷயம். முப்பது கட்டில் ஆட இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? எல்லோரும் எங்கள் வீட்டுக் கேசட்டில் பழகியவர்கள்தானே. அவள் ஏதோ தனக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள், கணக்கு டீச்சர், செய்து காட்டினால்தான் ஒத்துக்கொள்வாள்.

மாப்பிள்ளையிடம், அவர் சரி செய்த பிளேயரையே வரவேற்பில் வைத்துப் போடுவோம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். தங்கச்சியிடம், நீ ஆடவேண்டாம், ஆனால் மற்றவர்கள் ஆடட்டும், பெரியவர்கள் தொடங்கிவைக்கட்டும் என்றேன். வழக்கமாகப் பொண்ணு மாப்பிள்ளைதான் தொடங்குவார்கள். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, “ஒன் இஷ்டம்,” என்றாள். பாட்டு வேகம் மாறிய கதையை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர் என் தேர்வை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருக்கிறது. அந்த நம்பிக்கையை அன்று ஒரு தடவை வேண்டுமென்றே கெடுத்தேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

திருமணப் பூசை காலையில் முடிந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பங்கு மண்டபத்தில் வரவேற்பு. வெயில் ஜன்னல் வழியாகப் பாதி மண்டபம்வரை வந்திருந்தது. துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும், பாடகர் குழுத் தலைவரும் அவர் மனைவியும், இன்னும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள், எங்கள் ஊரின் முதல்தரமான ஆட்டக்காரர்கள் நடுவில் வந்து நின்றார்கள். எண்பது வயது அத்தையும் பேரன் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழு என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். எல்லோரும் தோளை நிமிர்த்திக்கொண்டார்கள். நான் முள்ளை வைத்தேன்.

பியானோ நான்கு கட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டது. பாதிப்பேர் இன்னும் கையே பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் முதல் திருப்பத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பாடகர் குழுத் தலைவர் மனைவியின் புடவைக் கரையை மிதித்துவிட்டு நின்றார். துறைமுகத்துக்காரர், ஆட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர், வாய்க்குள் ஒன்று-இரண்டு-மூன்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு மூன்றிலும் பிந்திப்போனார். அவர் காலும் வந்து சேரவில்லை. அப்போது அந்தப் பெண் பாடத் தொடங்கினாள்.

“ஏளா,” என்றாள் அத்தை, மண்டபத்துக்கே கேட்கும்படி, “அந்த ஆம்பளை எங்க போனான்?”

“மெஷினுக்கு என்ன ஆச்சு?” என்றார் குழுத் தலைவர்.

“விரட்டுத விரட்டுல கால் சுளுக்கிக்கிடும்,” என்று யாரோ சொன்னார்கள்.

நான் மணமேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி முதலில் வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் விரல்கள் மடியில் எண்ணத் தொடங்கின. அவள் கண் ஒவ்வொரு ஜோடியின் காலிலும் போய் நின்றது. துறைமுகத்துக்காரரின் கால், குழுத் தலைவரின் கால், எல்லாம் அவளுடைய கால் பிந்திய அதே இடத்தில் பிந்திக்கொண்டிருந்தன. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை என் மேசைக்கு வேகமாக வந்தார். முகம் சுண்டியிருந்தது.

“மதினி, நான்தான் கெடுத்துட்டேனா?”

“நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. எங்க ஊருக்குத்தான் சரி ஆகல,” என்றேன்.

அதற்குள் தங்கச்சி எழுந்து, படியில் ஒரு கையை ஊன்றி இறங்கி, மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“யக்கா, அதை நிறுத்து. நம்ம பதினேழைப் போடு.”

முள்ளைத் தூக்கினேன். ஒலிபெருக்கி வயரைப் பிளேயரிலிருந்து பிடுங்கிப் போனில் சொருகினேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள். பெண் கை நீட்டி ஆண் போவது எங்கள் பக்கத்து முறை இல்லை. அவர் போனார்.

பியானோ தன் நேரத்துக்கு வாசித்தது. கனத்த குரல் வந்ததும் அத்தை நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள். மாப்பிள்ளைக்குத்தான் கஷ்டம். முப்பதில் ஊறியவர், இரண்டு முடிந்ததும் மூன்றில் கால் வைத்துவிட்டார். பாட்டு இன்னும் அங்கே வரவில்லை.

“இருங்க,” என்றாள் அவள். “இன்னும் இல்ல. ம், இப்ப.”

மறுபடி முந்தினார். மறுபடி “இருங்க” என்றாள். வகுப்பில் சொல்கிற அதே குரல்தான். நான்காவது தடவை அவர் காத்திருந்தார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவளுடைய இடது கால் வந்து சேரும்வரை நின்றார். அது வந்தது. அதற்குப் பிறகு அவர் தப்பவே இல்லை. மற்ற ஜோடிகளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷத்தில் அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் தோளுக்கு மேலே வழி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தள்ளி நின்று பார்த்தேன். அந்தக் கால் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு மூன்றிலும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது, தடித்த செருப்பு தரையில் தட்டியது. அதோடுதான் ஆடிக்கொண்டிருந்தாள், அவ்வளவு நேர்த்தியாக. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

பாட்டு டக்கென்று முடிந்தது. தலை வணங்கிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையை என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

“எப்படி இருந்துச்சு?”

ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆடி முடித்ததும் இதைக் கேட்பாள். கால் கொஞ்சம்கூடத் தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். நம்பித்தான் சொன்னேன்.

“கால் தெரிஞ்சுது,” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பின்னால் மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

“தெரியட்டும்,” என்றாள். “அடுத்ததைப் போடு.”

அடுத்தது ஃபாக்ஸ்ட்ராட், அவள் வாழ்நாளில் ஆடாதது. போட்டேன்.